காபி வேண்டாம் என்றவர்

போன வாரம் சுதா போன் பண்ணினாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் யாத்திரை ஆபீஸ் வைத்திருப்பவள். நான் சமையல்காரியாகப் போய்வந்த அதே கம்பெனியை இப்போது அவள்தான் எடுத்து நடத்துகிறாள்.

"அக்கா, நேபாளத்துக்கு எந்த மாசம் கூட்டிட்டுப் போனா நல்லா இருக்கும்? போன்ல தேடுனா அக்டோபர், நவம்பர்னு வருது. நம்ம ஜனங்ககிட்ட சொன்னா, ஐப்பசி மழையில எவன் மலையேறுவான், ஆனியில போலாம்ங்கறாங்க. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நோட்டீஸ்ல போட்டுடறேன்."

ரெண்டு வரியாம்! அந்த நாட்டை ரெண்டு வரியில் எழுத முடிந்திருந்தால் நான் ஏன் இத்தனை வருஷம் திரும்பத் திரும்பப் போயிருப்பேன்? முட்டி தேய்ந்து, பாப்பிரெட்டிப்பட்டியில் வீட்டோடு உட்கார்ந்திருக்கிற எனக்கும் பொழுது போகவேண்டும். அதனால் எழுதுகிறேன். நோட்டீஸில் அடங்காவிட்டால் அது சுதாவின் கவலை.

நான் கல்யாணச் சமையலில் கை பழகியவள். கடத்தூர், மொரப்பூர் பக்கம் எத்தனையோ பந்திக்கு வடித்துக் கொட்டியிருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் என் ரசத்தைக் குடித்துவிட்டு, "யாத்திரைக்கு வர்றீங்களாம்மா? சம்பளமும் உண்டு, சாமியும் உண்டு" என்று கேட்டவர் நாராயணசாமி சார். கம்பெனியின் மேனேஜர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வெளியே நம்மை எல்லாம் விட நல்ல தமிழ் பேசுவார். காசி, கயா, பத்ரி என்று சில வருஷம் அவர் பின்னால் சட்டி பானையோடு சுற்றிய பிறகுதான் என்னை நேபாளத்து முக்திநாத்துக்கு அழைத்துப் போனார்.

மொரப்பூரில் ரயில் ஏறி, சென்னை போய், அங்கிருந்து கோரக்பூர். அப்புறம் பஸ்ஸில் எல்லை தாண்டினால் நேபாளம். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. மலை நாடு என்றார்கள், ஆனால் சேலம் வெயிலும் நெல் வயலும் கொசுவும்தான் இருந்தன. "என்னாங்க சார், மலை எங்க?" என்று கேட்டேன். "வரும், வரும்" என்று மட்டும் சொன்னார்.

பொக்காராவில் விடிகாலையில் இட்லிக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சார் வந்து, "சரோஜாம்மா, அங்க பாருங்க, மலை" என்றார். பார்த்தேன். பச்சைக் குன்றுகள் தெரிந்தன. நம்ம சித்தேரி மலை மாதிரிதான் இருந்தன. "பாத்துட்டேங்க சார்" என்றேன். "அது இல்லம்மா. இன்னும் மேல." அவற்றுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு வரிசை. "இன்னும் மேல." மேகம்தான் இருந்தது. "இன்னும் தலையைத் தூக்குங்கம்மா." தூக்கினேன். மேகத்துக்கும் மேலே, ஆகாயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், வெள்ளையாக ஒரு மலை நின்றது. அதன் உச்சியில் மட்டும் வெயில் பட்டு மஞ்சளாக எரிந்தது. கீழே எங்களுக்கு இன்னும் வெயிலே வரவில்லை. ஐயோ சாமி! என் கையிலிருந்த தேங்காய் நார் எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. பயந்து போய் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று சார் கேட்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரையும் அவர் அதே இடத்தில் நிறுத்தித்தான் காட்டுவார்.

அந்த நாடு ஓர் ஏணி. கீழ்ப்படியில் நம்மூர் வெயில். நடுப்படியில் பொக்காரா, எப்போது பார்த்தாலும் ஈரம். அதற்கு மேல் காளி கண்டகி என்கிற ஆறு இரண்டு பெரிய பனிமலைகளுக்கு நடுவே அறுத்துக்கொண்டு வருகிறது. நாம் அந்தப் பிளவுக்குள் நுழைந்து மேலே போகவேண்டும். போகப்போக மரம் குறையும், புல் குறையும். ஜோம்சோம் என்கிற ஊருக்கு வந்தால் மழையே கிடையாது. மழை மேகத்தை எல்லாம் முன்னால் நிற்கிற மலைகளே தடுத்துவிடும். பின்னால் வெறும் மண்ணும் கல்லும், கண் கூசுகிற நீல ஆகாயமும்தான். அங்கே ஒரு பனிமலைக்கு நீலகிரி என்று பேர். கேட்டதும் நம்ம ஜனங்களுக்கு ஒரே குஷி. "ஊட்டிக்கு இங்கயும் ஒரு கிளை இருக்குதா!" என்று ஒருத்தர் கேட்டார்.

ஜோம்சோமில் காலையில் ஓர் இலை அசையாது. வெயில் ஏறியதும் ஆற்றோடு கீழிருந்து காற்று கிளம்பும். அது தினசரி. நான் முதல் தடவை அது தெரியாமல் வெளியில் அடுப்பு வைத்து அப்பளம் பொரித்தேன். பந்திக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் திபெத்துப் பக்கம் பறந்துவிட்டது. அங்கிருந்து இன்னும் ஏறினால் ராணிபவ்வா. அந்த ஊர்ச் சரிவின் உச்சியில்தான் முக்திநாத் கோயில். அந்தப் பக்கமெல்லாம் திறந்த பானையில் அரிசி வேகாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், அரிசி அரிசியாகவே கிடக்கும். உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், சூடு பத்தாது என்று சார் சொல்லிக்கொடுத்தார். அரிசியை ஊறவைத்துக் குக்கரில் போட்டு, கீழே வைப்பதைவிடக் கூடுதலாக விசில் விடவேண்டும்.

சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். மலை ஏறத் தொடங்கியதும் அவருக்கு மூன்று சட்டம். முதலாவது, ஜோம்சோமில் இரண்டு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்காமல் மேலே போகக்கூடாது. இரண்டாவது, காலையில் என் காபி. "சரோஜாம்மா, ஒவ்வொருத்தருக்கும் நீங்களே கையில குடுங்க. யாரு வேண்டாம்ங்கறாங்களோ அவங்க பேரை எங்கிட்ட சொல்லுங்க." உயரம் ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு முதலில் பசி போகும், வாய்க்கு எதுவும் பிடிக்காது. தலைவலியை மறைக்கலாம், காபியை மறைக்க முடியாது என்பார்.

மூன்றாவது, கயிறு. சந்தேகம் வந்தால் பெட்டி கட்டுகிற கயிற்றைத் தரையில் நீளமாகப் போட்டு, அதன்மேல் குதிகாலோடு விரலை ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்வார். யார் மனசும் நோகக்கூடாது என்று எல்லாரையும் நடக்கவிடுவார். ஆளுக்கொரு கேலியும் சிரிப்புமாக இருக்கும். உயரம் தலையைத் தாக்கினால் கால் நேராக விழாதாம், அதனால் அவர் மட்டும் சிரிக்காமல் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சட்டத்துக்கெல்லாம் பெரிய எதிரி நம்ம ஜனங்களின் விரதம். சாமி பார்க்கிற நாளில் பல்லில் தண்ணீர் படாமல் போகவேண்டும் என்று பாதிப் பேர் பிடிவாதமாக இருப்பார்கள். வேண்டாம் என்கிறவர் விரதமா, வியாதியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "மேல விரதம் கிடையாதுங்க. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்" என்பார் சார். கேட்பார்களா? காபியை வாங்கி, நான் திரும்பியதும் ரோஜாச் செடியில் ஊற்றியவர்களை எல்லாம் எனக்குத் தெரியும்.

இப்போது மாதப்பன் அண்ணன் கதை.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து விவசாயி. மரவள்ளியும் மஞ்சளும் போடுகிறவர். அவர் சம்சாரம் காவேரியக்கா. அந்த அக்காவுக்கு முக்திநாத்தில் குளிக்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கோயிலுக்குப் பின்னால் வளைந்த சுவரில் நூற்றெட்டு மாட்டுத்தலைகள், ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் பனித்தண்ணீர் கொட்டும். வரிசையாக அத்தனைக்கும் கீழே ஓடிக் குளிக்கவேண்டும். டிவியில் அதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சாம். "இவ தூக்கத்துல கூடத் தலையைத் துவட்டறாங்க" என்று ரயிலில் அண்ணன் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அந்த வருஷம் ஆனியில் புறப்பட்டோம். மஞ்சள் எடுத்தாயிற்று, ஆடிப்பட்டம் விதைப்பதற்குள் திரும்பவேண்டும், இதுதான் அவர்கள் கணக்கு. "அங்க ஆனியில மழைங்க, ரோடு இருக்காது" என்று சார் எவ்வளவோ சொன்னார். "ஆனியில மழையா? இங்க புழுதி பறக்குதுங்க!" என்று ஆபீஸில் ஒரே சிரிப்பு. ஐப்பசியில் போகலாம் என்றதற்கு, "அடைமழையில கூட்டிட்டுப் போயிக் கொல்லப் பாக்கறீங்களா?" என்றார்கள். தன் ஊர் மழையைத்தான் உலகத்து மழை என்று எல்லாரும் நினைக்கிறோம். கம்பெனி முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

பொக்காராவிலேயே பிடித்தது மழை. பனிமலையை யாரும் பார்க்கவில்லை. சார் வழக்கமாகக் காட்டுகிற இடத்தில் ஈரச் சாக்குப் போட்டது மாதிரி மேகம் தொங்கியது. ஆற்றோரம் தாதோபானி என்கிற ஊரில், மேலே ஒரு சரிவே இடிந்து ரோட்டை மூடியிருந்தது. நாள் கணக்கில் அங்கேயே கிடந்தோம். அட்டைப்பூச்சி கால் விரலுக்கு நடுவில் புகுந்துகொண்டது. கடைசியில் சேற்றின்மேல் நடந்து, அந்தப் பக்கம் வேறு ஜீப் பிடித்தோம். என் குக்கரை மாதப்பன் அண்ணன் தலைமேல் வைத்துத் தூக்கி வந்தார். "தங்கச்சி, இது போச்சுன்னா நம்ம சோறு போச்சு!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தார். அந்த யாத்திரையில் என் சமையலுக்கு அவர்தான் முதல் ரசிகர். காலையில் இரண்டாவது டம்ளர் காபிக்கு அடுப்படிக்கே வந்து நிற்பார்.

போன நாள் போனதுதான். திரும்புகிற ரயில் காத்திருக்காது. ஜோம்சோமில் இரண்டு ராத்திரி தங்கவேண்டும் என்று சார் சொல்ல, பயணிகள் எல்லாரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு, சாமி பாக்காம டிக்கெட்டைப் பாத்துட்டுத் திரும்பவா?" கடைசியில் சார் குடையை மடித்தார். பிறகு ஜீப்பில் ஏறினார். அன்றைக்கு ஒரே மூச்சில், மழைக்காட்டிலிருந்து ராணிபவ்வா வரைக்கும் ஏறிவிட்டோம்.

வழியில் மழை நின்றது. கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு வளைவில் நின்றுபோனது. பச்சை முடிந்து, காவியும் சாம்பலும் ஊதாவுமாக மண் மலைகள் எழுந்தன. காவேரியக்கா, "சாமி தனியா இருக்கத்தான் இவ்வளவு தூரம் வந்துருக்குதுங்க" என்றாள். ராத்திரி ராணிபவ்வாவில் தங்கி, காலையில் குளித்துச் சாமி பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். அத்தனை தடவை போயும் நான் கோயிலைப் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் மேலே போகும்போது நான் ஜோம்சோமில் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை அடுப்பே கோயில் வாசலுக்கு வந்துவிட்டது.

காலையில் காபி கொடுத்துக்கொண்டு வந்தேன். மாதப்பன் அண்ணன் சுவரில் சாய்ந்து, மப்ளரைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாண்டாம் தங்கச்சி. நான் விரதம்."

"ராத்திரியும் சாப்பிடலையேண்ணா?"

"ராத்திரியிலேர்ந்தே விரதம்."

பக்கத்தில் காவேரியக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இந்த அதிசயத்தைப் பாரு சரோஜா! நல்லநாள் பெரியநாள்னா கூட சாமிக்கு முந்தி சோத்துல கை வைக்கற மனுசன். எங்க கல்யாணத்தன்னைக்கே தாலி கட்டறதுக்கு முந்தி திருட்டுத்தனமா இட்லி தின்னவரு. இப்ப பாரு, எனக்காவ விரதம் இருக்காரு."

டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு சாரிடம் ஓடினேன். அவர் கயிற்றை எடுத்துவந்து வாசலில் போட்டார். "எல்லாரும் ஒரு நடை நடந்துட்டுக் கோயிலுக்குப் போலாங்க." ஒவ்வொருவராக நடந்தார்கள். காவேரியக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுத்தமாக நடந்தாள். மாதப்பன் அண்ணன் எழுந்தார். முதல் அடி கயிற்றில் விழுந்தது. இரண்டாவது அடி கயிற்றுக்கு வெளியே போனது. மூன்றாவதில் சார் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்திவிட்டார். சேற்றில் குக்கரைத் தலையில் வைத்து நடந்த கால்கள் அவை.

"தலை எப்பலேர்ந்து வலிக்குதுங்க?" என்றார் சார்.

"வலி இல்லீங்க."

"மாதப்பா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அண்ணன் வாய் குழறியது. "நேத்து வந்ததுலேர்ந்து பொளக்குதுங்க. ரெண்டு தடவை வாந்தியும் எடுத்துட்டேன். சொன்னா கீழ இறக்கிடுவீங்க. அவ குளிக்கட்டுங்க. அவ குளிச்சிட்டு வந்ததும் சொல்லலாம்னு…"

காவேரியக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவே இறங்கணும்" என்றார் சார். "மருந்து, மாத்திரை எல்லாம் அப்புறம். இறங்கறதுதான் இதுக்கு மருந்து. இங்க இருக்கற ஒவ்வொரு நிமிசமும் ஆபத்து." ஜீப் டிரைவருக்கு ஆள் போயிற்று. பிறகு அக்காவைப் பார்த்து, "கோயில் இதோ தெரியுதும்மா. நீங்க வேணும்னா மத்தவங்களோட குளிச்சிட்டு வாங்க. சரோஜாம்மா இவரைக் கூட்டிட்டு எறங்கட்டும். கீழ டாக்டர் இருக்காரு" என்றார். சார் மேலேயே இருந்தாகவேண்டும். இன்னும் யார் காபியைச் செடியில் ஊற்றினார்களோ, அவருக்குத் தெரியாது.

"போ காவேரி. நான் நல்லாத்தான் இருக்கறேன். போயிட்டு வா" என்று அண்ணனும் சொன்னார். சொல்லும்போதே கண் சொருகியது.

காவேரியக்கா கோயில் இருந்த சரிவைப் பார்த்தாள். வரிசையாக மரங்களும் வெள்ளைச் சுவரும் தெரிந்தன. எத்தனை வருஷத்து ஆசை, கூப்பிடு தூரத்தில் நின்றது. பிறகு எழுந்து, மாற்றுப்புடவை வைத்திருந்த பையைத் தூக்கி ஜீப்புக்குள் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "தலையை என் மடியில வைங்க" என்றாள். அவ்வளவுதான். நான் மீந்த காபியைப் பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். எனக்கும் அன்றைக்குக் கோயில் இல்லை.

ஜீப் வளைந்து வளைந்து இறங்கியது. அண்ணன் எதையோ உளறிக்கொண்டே வந்தார். மஞ்சள் வேகவைக்க ஆள் வந்தாச்சா என்று கேட்டார். காவேரியக்கா அவரை ஒரு நொடி தூங்கவிடவில்லை. "நம்ம வூட்டு மாட்டுக்கு என்னா பேரு? சொல்லுங்க. பெரியவன் பொறந்தது எந்த ஆசுபத்திரி? சொல்லுங்க." அவர் தப்பாகச் சொன்னபோதெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் வேண்டாத சாமி இல்லை.

அப்போதுதான் எதிரே மேகம் விலகியது. அந்த யாத்திரையில் முதல் தடவையாகப் பனிமலை தெரிந்தது. தவளகிரி, அடியிலிருந்து நுனி வரைக்கும். ஒரு மலை அவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று நான் அதுவரைக்கும் நினைக்கவில்லை. டிரைவர்கூட ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். காவேரியக்கா அதைப் பார்த்துக் கும்பிட்டாள். "நீ இங்கயே இருப்ப. இந்த மனுசன் இருக்கோணுமே" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் சாமியோடு சண்டை போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் நியாயம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

காக்பேனி என்ற ஊரில், ஆற்றுமட்டத்துக்கு வந்துவிட்டோம். அண்ணன் தலையைத் தூக்கி, கண்ணைக் கசக்கி, என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, அந்தப் பிளாஸ்குல காப்பி இருக்குதா?"

நான் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார். காவேரியக்கா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "விரதமாம், விரதம்! என்னைத் தாலியறுக்கப் பாத்துட்டு சர்க்கரை கேக்குதா உனக்கு?" என்று கத்தினாள். அப்புறம் அவர் தோளில் முகத்தை வைத்து அப்படி அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவரை 'உனக்கு' என்று சொன்னாளாம், பிறகு சொல்லிச் சொல்லி வெட்கப்பட்டாள். ஜோம்சோம் டாக்டர் பார்த்துவிட்டு, சரியான நேரத்தில் இறங்கினீர்கள் என்றார்.

சுதா, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தையிலும் மாசியிலும் போனால் அங்கே குழாய்த் தண்ணீரே உறைந்து கிடக்கும், பனியில் பாதை அடைபடும். பங்குனி, சித்திரை பரவாயில்லை. மலையெல்லாம் சிவப்புப் பூ பூக்கும், ஆனால் மத்தியானத்துக்கு மேல் மூட்டம் போடும். ஆனி முதல் ஆவணி வரைக்கும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், கூட்டிப் போகாதே. ஐப்பசியில் போ. இங்கே கொட்டுகிற நாளில் அங்கே ஆகாயம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். எந்த மாசமானாலும் ஜோம்சோமில் இரண்டு ராத்திரி.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அடுத்த ஐப்பசியிலேயே போனோம். மொரப்பூர் ஸ்டேஷனில் கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் அக்காவும் வந்து நின்றதைப் பார்த்து ஊரே சிரித்தது. பொக்காராவில் சார் கை நீட்ட வேண்டிய வேலையே இல்லை. எல்லா மலையும் வந்து நின்றன. நின்று நின்று, பழகிப் பழகி ஏறினோம். ராணிபவ்வாவில் நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். காவேரியக்கா என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னைக்கு நீ என்னோட வர்ற. சோறு எங்கயும் ஓடிப்போகாது" என்றாள்.

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினோம். முதல் மாட்டுவாயிலேயே மூச்சு நின்றுவிட்டது. தண்ணீரா அது? எலும்பைத் தொட்டுப் பேசுகிறது. பாதியில் குளிர் போய்ச் சிரிப்பு வந்தது, கடைசிப் பக்கம் அழுகை வந்தது. நிமிர்ந்தால் சுவருக்கு மேலே நீல ஆகாயம், அதில் வெள்ளை வெளேரென்று மலை. இத்தனை வருஷம் இதன் காலடியில் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

வரிசை முடிகிற இடத்தில் மாதப்பன் அண்ணன் இரண்டு துண்டுகளோடு நின்றார். கையில் என் பிளாஸ்க். பல் கிட்டி, பேச்சு வராமல் நடுங்கிய எனக்கு ஒரு டம்ளரை நீட்டினார். நான் அப்புறம் குடிக்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

"வாண்டாமா?" என்றார். "சார்! கயித்த எடுத்துட்டு வாங்க சார்!"

வாங்கிக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.